சிரித்தால் இறங்கும் எண்

கல்யாணமான நாளிலிருந்து என் ஜோக் எதற்கும் வாய்விட்டுச் சிரிக்காதவள் என் மனைவி கஸ்தூரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரித்தாள். நான் பூரித்துப்போனேன். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து இருமினாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "அவ்ளோ நல்லாவா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

முதல் அறிகுறியை நான் கண்டுகொண்ட லட்சணம் இது. எனக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு என்ன ஜோக் சொன்னேன் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் இறுகிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொல்லக் கேட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவன். கோலார் தங்கவயலில், கோரமண்டல் பக்கம் ஒரு லைன் வீட்டிலிருந்து (சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய சின்ன வீடு) தினமும் ரயிலில் போய் வருகிறவன். அந்த ரயிலில் எனக்கு ஜோக்கர் என்று பெயர். சீட்டுக்கட்டில் இருக்கும் ஜோக்கரைத்தான் சொல்கிறார்களாம். எங்கே வேண்டுமானாலும் சொருகிக்கொள்ளலாம், தனியாக ஒரு மதிப்பும் கிடையாது.

கஸ்தூரியின் வழி வேறு. நான் ஒரு கதையைக் கை கால் ஆட்டி, குரல் மாற்றி, மூச்சிரைக்கச் சொல்லி முடிப்பேன். அவள் முகத்தில் ஒன்றும் அசையாது. கடைசியில் ஒரே ஒரு வரி சொல்வாள். கூட்டம் அந்த வரிக்குத்தான் சிரிக்கும். என் கதையைக் குப்பையோடு சேர்த்துக் கூட்டிவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள். நான்தான் வேடிக்கை மனிதன் என்று ஊர் முழுக்கப் பேச்சு. ஊரின் பல கருத்துகளைப் போல அதுவும் தவறு.

எங்கள் ஊரில் இருமலுக்குக்கூட ஆண், பெண் உண்டு. சுரங்கத்தில் இறங்கி வேலை செய்த ஆளுக்கு வந்தால் அது கல்தூசி (பாறை உடைக்கும்போது கிளம்பும் தூள் நுரையீரலில் படிந்து வரும் நோய்). மரியாதையான இருமல். நாலு பேர் எழுந்து இடம் கொடுப்பார்கள். பெண்ணுக்கு வந்தால் அது ஈரத்தலை. கஸ்தூரி இருமத் தொடங்கியதிலிருந்து எங்கள் லைனில் எல்லோரும் அவள் தலைமுடியைத்தான் குற்றம் சொன்னார்கள். "தலையத் தொவட்டாம இருந்தா இன்னா ஆவும்?" என்றார்கள். சயனைடு மேட்டிலிருந்து (தங்கம் பிரித்த பிறகு கொட்டிவைத்த மண்மலை) காற்றடிக்கிற நாட்களில் அந்த மேட்டையும் கொஞ்சம் குற்றம் சொன்னார்கள். நான் தலைக்கு அடிக்கச் சூடான காற்று ஊதும் மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முடி நன்றாகக் காய்ந்தது.

இத்தனைக்கும் என் அப்பா பாலகாட், நந்திதுர்க் சுரங்கங்களில் வேலைக்காலம் முழுவதும் தரைக்குக் கீழேயே இருந்தவர். மேலே வந்ததும் பீடி பற்றவைத்தவர். கடைசிவரை அவர் நெஞ்சில் ஒரு கீறல் சத்தம் இல்லை. முழங்கால் வலியைத்தான் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். சுரங்க வாயைக்கூட எட்டிப் பார்க்காத என் மனைவிக்குத்தான் நுரையீரல் போனது. இதற்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

இங்கே முதலில் பார்த்த டாக்டர் ஆஸ்துமா என்று உறிஞ்சும் மருந்து கொடுத்தார். சில மாதம் அதில் போனது. பங்காருபேட்டை ஸ்டேஷன் மேம்பாலத்தில் அவள் ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்க ஆரம்பித்தாள். "வண்டி வர்றத பாக்கறேன்" என்பாள். வண்டி எதுவும் வராத திசையில் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போதுதான் பெங்களூருக்குக் கூட்டிப்போனேன்.

நெஞ்சு நோய்களைப் பார்க்கும் அந்த டாக்டர் கன்னடக்காரப் பெண்மணி. எங்களுக்காகத் தமிழில் பேசினார். கஸ்தூரியின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு என்னையும் கேட்கச் சொன்னார். செருப்பின் ஒட்டுப்பட்டையை மெதுவாகப் பிரிப்பது போல ஒரு சத்தம், ஒவ்வொரு மூச்சின் முடிவிலும். விரல் நகங்களைத் திருப்பிப் பார்த்தார். நுனிகள் உருண்டு பருத்திருந்தன. இத்தனை வருடம் அந்தக் கையில் சாப்பிட்டும் நான் அதைக் கவனித்ததில்லை.

"கே.ஜி.எஃப்பா? மைன்ல கெலசம், வேல ஏதாச்சும் செஞ்சீங்களாம்மா?"

"நான் செய்யல டாக்டர். செஞ்சவரு துணியத் தொவைச்சேன்."

நான் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்.

ஸ்கேன் எடுத்தார்கள் (மார்பை மெல்லிய துண்டுகளாகப் படம்பிடிப்பது). ஊதும் பரிசோதனை செய்தார்கள் (குழாயில் முழு மூச்சையும் ஊதி, நுரையீரல் எவ்வளவு காற்றைப் பிடிக்கிறது என்று அளப்பது). வந்த பெயர் ஐ.எல்.டி. (நுரையீரலில் காற்றறைகளைச் சுற்றியுள்ள மெல்லிய திசு தடித்து, தழும்பாகி இறுகும் நோய்). அதற்கு முன்னால் இடியோபதிக் என்று ஒரு சொல்லும் இருந்தது. துணி தோய்த்ததைச் சொன்னோம், சயனைடு மேட்டைச் சொன்னோம், எதையும் உறுதியாகக் குற்றம் சாட்ட முடியாது, காரணம் தெரியவில்லை என்பதுதான் அந்தச் சொல்லின் அர்த்தம் என்றார். ஸ்டோரில் ஒரு பெட்டி காணாமல் போய், நான் "காரணம் தெரியவில்லை" என்று சொன்னால் எனக்கு மெமோ வரும். டாக்டர்கள் சொன்னால் கிரேக்கப் பெயர் வருகிறது.

கஸ்தூரியை உள்ளே உட்காரவைத்துவிட்டு என்னையும் மகள் நிவேதாவையும் டாக்டர் வெளியே வராந்தாவுக்கு அழைத்தார். நிவேதா பெங்களூரிலேயே வேலை பார்க்கிறாள், அங்கே விடுதியில் தங்கியிருந்தாள். "தழும்பு பழையபடி ஆகாது. வேகத்தைக் குறைக்க மாத்திரை இருக்கு. வருஷக் கணக்குல பேசலாம். ஆனா ரொம்ப வருஷம் பேச முடியாது" என்றார். மாற்று நுரையீரல் பற்றிக் கேட்டோம். அவளுக்கு இருந்த வேறு சில தொந்தரவுகளால் அது கைகூடாது என்று பிறகு தெரிந்தது.

நிவேதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை, "அம்மாகிட்ட சொல்ல வேணாம்ப்பா."

நானும் தலையாட்டினேன். நம் குடும்பங்களில் நோயாளி ஒருவருக்கு மட்டும்தான் நோய் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும், ஆட்டோக்காரருக்குத் தெரியும். கஸ்தூரியிடம், "நெஞ்சுல கொஞ்சம் வீக்கமாம், மாத்திரையில சரியாப்போயிடுமாம்" என்றோம். "சரிங்க" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. நான் அதையும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது (அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி). மூக்கிலிருந்து மெஷின்வரை ஒரு நீளக் குழாய். லைன் வீட்டின் அளவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குழாய் வீட்டைவிட நீளம். நான் அதில் தடுக்கி விழாத நாள் கிடையாது. "மூச்சு வாங்கறது எனக்கு, விழறது நீங்களா?" என்பாள்.

இந்த இடத்தில் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், மறந்துவிடுவேன். குழாயைச் சுவரோரமாக ஓட்டுங்கள். கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும், பக்கத்தில் சிலிண்டர் இருக்கட்டும். அவர்களிடம் கேள்வி கேட்டால் தலையாட்டலில் பதில் வருகிற மாதிரி கேளுங்கள். "ராத்திரிக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்காதீர்கள். "இட்லி போதுமா?" என்று கேளுங்கள். ஒவ்வொரு வார்த்தையும் மூச்சிலிருந்துதான் போகிறது.

முனுசாமி மாமா வந்தது அந்த நாட்களில்தான். என் அப்பாவோடு ஒரே ஷிப்டில், ஒரே கேஜில் (ஆட்களைச் சுரங்கத்தின் ஒவ்வொரு லெவலுக்கும், அதாவது ஆழத் தளத்துக்கும், இறக்கும் கூண்டு) இறங்கியவர். அவருக்கு உண்மையான கல்தூசி. எங்கள் லைனுக்குப் பின்னால்தான் வீடு. அந்தத் தூரத்துக்கே இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தார். கஸ்தூரிக்கு எதிரில் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். இருவரும் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நின்று நின்று பேசினார்கள். பார்க்க, மிக முக்கியமான ஒப்பந்தம் ஒன்றை இரண்டு பெரிய மனிதர்கள் யோசித்து யோசித்துப் பேசுவது போல இருந்தது.

"இன்னாம்மா," என்றார் மாமா. மூச்சு. "உனக்கும்... நம்ம வியாதியாமே."

"ஆமா மாமா."

"எந்த லெவல்ல... வேல செஞ்சிக்கினு இருந்தே?"

கஸ்தூரி முகத்தை அசைக்காமல் அடுப்பங்கரைப் பக்கம் கையைக் காட்டினாள். "அந்த லெவல்தான் மாமா. கேஜ் கெடையாது... நடந்தே எறங்கணும். ஷிப்டு மாறவே மாறாது."

மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரிப்பு இருமலானது. அதைப் பார்த்து கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். "மாமா, இவளுக்குப் பென்ஷன் எழுதிக் கேளுங்க" என்று என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தேன். அவ்வளவுதான். இருவரும் இரண்டு பக்கம் இருமினார்கள். நான் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு யாரிடம் ஓடுவது என்று தெரியாமல் நடுவில் ஆடினேன். மாமாவுக்கு நின்றது. கஸ்தூரிக்கு நிற்கவில்லை. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நீலமானது.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு வாரம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தாள். நிவேதா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். என்னை வாசலுக்கு இழுத்துப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அப்பா, உன்ன கெஞ்சிக் கேக்கறேன். இனிமே அம்மாவ சிரிக்க வைக்காத."

"நான் எங்கம்மா சிரிக்க வெச்சேன்? அவதான்..."

"பாத்தியா, இப்பவும். ஒரு நாள் சீரியஸா இருந்தா உன் உயிரா போயிடும்?"

என் உயிர் போகாது. அவள் அம்மாவின் உயிர் போகும். அதைச் சொல்லவந்து பாதியில் நிறுத்திக்கொண்டாள். நான் அன்றிலிருந்து நிறுத்திவிட்டேன்.

வேடிக்கையாகப் பேசாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. அதனால் பேசுவதையே குறைத்தேன். பேப்பர் படித்தேன். வானிலை பற்றிச் சொன்னேன். மாத்திரை நேரத்தை அறிவித்தேன். ஸ்டேஷனில் அறிவிப்பு செய்கிற குரலில் என் மனைவியோடு பேசினேன். சொந்த வீட்டுக்குள் ஒரு இரங்கல் கூட்டம் போல நடமாடினேன். இருமல் உண்மையிலேயே குறைந்தது. நிவேதா நிம்மதியாகப் பெங்களூருக்குத் திரும்பினாள். கஸ்தூரி மட்டும் சாப்பாட்டைத் தட்டில் ஒதுக்க ஆரம்பித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாத்திரையின் வேலை என்று நினைத்தேன்.

ஒரு மத்தியானம் மடியில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த வேலைக்கு மூச்சு அதிகம் தேவையில்லை என்பதால் விட்டுவைத்திருந்தோம்.

"இன்னாங்க."

"இன்னா, மூச்சு வாங்குதா?"

"இல்ல. நான் எப்ப சாவேன்?"

பேப்பரை மடித்தேன். மறுபடி விரித்தேன். "யாரு உனக்குச் சொன்னாங்க?"

"நீங்கதான்."

"நானா? நான் ஒண்ணுமே சொல்லலையே."

"அதத்தான் சொல்றேன். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததிலிருந்து... ஒண்ணுமே சொல்லல. உங்க அப்பா செத்தன்னிக்கு... பாடை கட்டறவங்கிட்டயே ஜோக்கு அடிச்ச ஆளு. அன்னிக்கே நிக்காதது... இன்னிக்கு நின்னுடுச்சின்னா இன்னா அர்த்தம்?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "எனக்கு ரிப்போர்ட்டு படிக்கத் தெரியாது. உங்கள படிக்கத் தெரியும்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் வராந்தாவில் சொன்னது, தழும்பு, வருடக் கணக்கு, எல்லாம். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். ஒரு காம்பைக்கூடத் தப்பவிடவில்லை. அழுதது நான்தான். முடிந்ததும் முறத்தை என் பக்கம் தள்ளினாள், மீதியை ஆயச் சொல்லி.

"நிவேதாகிட்ட சொல்லாதீங்க, எனக்குத் தெரியும்னு. பாவம். என்கிட்ட மறைக்கறோம்னுதான்... அது தைரியமா நடமாடுது."

இப்படியாக எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்து, எல்லோரும் எல்லோரிடமும் மறைத்துக்கொண்டிருந்தோம். இதைப் படிப்பவர்களில் மறைத்துக்கொண்டிருப்பவர் யாராவது இருந்தால், உங்கள் வீட்டு நோயாளி உங்கள் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தாரா என்று யோசித்துப் பாருங்கள். கஸ்தூரியின் மூச்சைக் காப்பாற்றத்தான் நான் வாயை மூடினேன். மூடிய வாய்தான் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியது. நான் பேசிய காலத்தில்கூட அவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை.

அந்த ரகசியம் அடுத்த பரிசோதனைவரைதான் தாங்கியது. நிவேதாவும் உடன் வந்திருந்தாள். டாக்டர் எல்லாம் பார்த்து முடித்து, "வேற ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு டாக்டர். சாவறதுக்குள்ள... சிரிக்கலாமா, கூடாதா?"

நிவேதா நாற்காலியிலேயே உடைந்துபோனாள். கஸ்தூரி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, டாக்டரின் பதிலுக்காக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சிரிக்கறதும் மாடி ஏறற மாதிரிதான்ம்மா. ஏற வேணாம்னு சொல்ல மாட்டேன். ஏறறதுக்கு முன்னாடி ஆக்சிஜன நான் சொல்ற அளவுக்குக் கூட்டிக்கோங்க. நிமிர்ந்து உக்காந்துக்கோங்க. ஆனதும் உதட்டக் குவிச்சு மெல்ல மெல்ல மூச்ச விடுங்க. விரல்ல மாட்டற கிளிப்புல எண் ஏறலைன்னா உடனே வந்துடுங்க." என் பக்கம் திரும்பினார். "நீங்க கொஞ்சம் சின்ன சின்ன மாடியா கட்டுங்க சார்."

அதன் பிறகு எங்களுக்கு ஒரு நல்ல காலம் வந்தது. அதை நல்ல காலம் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கம்பெனியில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, களைப்பு தீர்ந்ததும், தலையணையை முதுகுக்குக் கொடுத்து அவளை நிமிர்த்தி உட்காரவைப்பேன். மெஷின் பொத்தானைத் திருப்புவேன். விரலில் அந்தக் கிளிப்பை மாட்டுவேன் (ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுவது). பிறகு ஒரு கதை. கரண்ட் இல்லாத நாளில் கதை இல்லை.

சுமாரான கதை என்றால் கிளிப்பில் எண் அசையாது. அவள் விரலை என் முகத்துக்கு நேரே நீட்டி, "எறங்கல" என்பாள். நல்ல கதை என்றால் இறங்கும். உலகத்தில் வேடிக்கை பேசிப் பிழைக்கிற எவனுக்கும் இப்படி ஒரு கருவி கிடைத்திருக்காது. இத்தனை வருடம் இவளுக்கு என் ஜோக் பிடிக்கிறதா இல்லையா என்று தெரியாமலே வாழ்ந்தவன் நான். கடைசியில் அதைக் காட்டுகிற மெஷின் வந்தது. நான் ஜெயித்தால் அவளுக்குக் கெடுதல். தோற்றால் அவளுக்கு நல்லது. தினமும் ஜெயிக்க ஆசைப்பட்டேன். தினமும் தோற்க வேண்டிக்கொண்டேன்.

எங்கள் ரயில் கூட்டாளி ராஜேந்திரன் கதைக்கு எண் நிறையவே இறங்கியது. அவன் காலை வண்டியில் உட்கார்ந்தபடி தூங்கி, பெங்களூரில் இறங்காமல், அதே பெட்டியில் ஊருக்கே திரும்பி வந்துவிட்டான். கண் விழித்து, பெங்களூர் என்று நினைத்து, அவசரமாகக் கோரமண்டலில் குதித்து, ஸ்டேஷன் வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடம் "மெஜஸ்டிக் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறான். ஆட்டோக்காரர் இவனை ஏற இறங்கப் பார்த்து, "மெஜஸ்டிக் தெரியாது, உங்க வீடு தெரியும், வாங்க விடறேன்" என்றாராம்.

கஸ்தூரி தோள் குலுங்கியது. அந்த நாட்களில் அவள் சத்தம் இல்லாமல்தான் சிரிப்பாள், தோளும் கண்ணும் மட்டும். எண் இறங்கிக்கொண்டே வந்தது. "மெல்ல, மெல்ல, உதட்டக் குவி" என்று அவள் முதுகைத் தடவினேன். எண் ஒரு இடத்தில் நின்றது. யோசித்தது. மெதுவாக ஏறத் தொடங்கியது. ஏறி முடிக்கும்வரை அவள் உதட்டைக் குவித்தபடி இருந்தாள். பிறகு சொன்னாள்:

"அவரு பொண்டாட்டி குடுத்துவெச்சவ. ஒரு நாளாவது புருஷன்... வெளிச்சத்துல வீட்டுக்கு வந்தாரே."

நான் தினமும் இருட்டில் போய் இருட்டில் வந்தவன். சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். எழுந்து, ஏற்கெனவே சுவரோரம் இருந்த குழாயை மறுபடி சுவரோரம் ஒதுக்கினேன்.

அந்த வருடம் மார்கழிப் பனி எங்கள் ஊரில் கடுமை. அவளுக்குச் சளி பிடித்தது. இந்த நோயில் ஒரு சாதாரணச் சளி, தழும்பை ஒரே வாரத்தில் பல மாதத் தூரம் ஓடவைத்துவிடும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். பெங்களூரில் சேர்த்தோம். முகத்தில் இறுக்கமான மாஸ்க் போட்டார்கள் (காற்றை அழுத்தி நுரையீரலுக்குள் தள்ளும் கருவியின் முகமூடி). தொண்டையில் குழாய் இறக்கிச் செயற்கை மூச்சு கொடுக்கலாமா என்று கேட்டார்கள். கொடுத்தாலும் திரும்ப எடுக்க முடியாமல் போகலாம் என்பதையும் சொன்னார்கள். அந்த முடிவை கஸ்தூரி ஏற்கெனவே எடுத்திருந்தாள். "தொண்டைல கொழா போட்டா பேச முடியாதாமே? வேணாம் டாக்டர். கடைசி வார்த்தை... இவருது ஆயிடும்" என்று, முகத்தை அசைக்காமல்.

நானும் நிவேதாவும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். விடிந்து ஜன்னலில் வெயில் வந்திருந்தது. கஸ்தூரி கண் திறந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மெஷினின் சத்தம்தான் அறையில் பெரிய சத்தம்.

"அப்பா," என்றாள் நிவேதா. "ஏதாவது சொல்லுப்பா."

"இன்னா சொல்ல?"

"உன் கதை ஏதாவது. அம்மா உன் வாயத்தான் பாத்துக்கிட்டு இருக்கா."

கையெடுத்துக் கும்பிட்டு என்னை நிறுத்திய பிள்ளை, இப்போது என்னைத் தொடங்கச் சொல்கிறது. நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ரயிலில் இத்தனை வருடம் வாய் ஓயாமல் பேசியவன். கல்யாண வீடு, சாவு வீடு என்று பார்க்காமல் பேசியவன். ஒரு கதை கிடைக்கவில்லை. தேடத் தேட முகம்தான் கோணிக்கொண்டு போனது. மூக்கு ஒழுகியது. அழுகையை அடக்கப் பார்த்து விக்கல் வந்துவிட்டது. அழுகைக்கும் விக்கலுக்கும் நடுவில், "ஒரு ஊருல..." என்று ஆரம்பித்தேன். மறுபடி விக்கல்.

கஸ்தூரியின் கை மெல்ல மேலே போனது. மாஸ்க்கைத் துளி நகர்த்தினாள்.

"மூஞ்சியே போதும்," என்றாள்.

அவள் தோள் குலுங்கியது. கண்ணோரம் மடிந்தது. நிவேதா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். மெஷின் கத்தத் தொடங்கியது. நர்ஸ் ஓடிவந்து மாஸ்க்கைச் சரிசெய்தபடி, "ஐ.சி.யூ.ல என்ன சிரிப்பு?" என்று எங்களைத் திட்டினார். எண் ஏறியது, ஆனால் பழைய இடத்துக்கு ஏறவில்லை. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மறுநாள் மதியம் போய்விட்டாள்.

அந்தச் சிரிப்பு அவள் நேரத்தில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டதா என்று டாக்டரிடம் கேட்டேன். "கேக்காதீங்க சார்" என்றார். நல்ல பதில்தான். நானாக இருந்தால் வளவளவென்று ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஊருக்குக் கொண்டுவந்தோம். முனுசாமி மாமாவை இரண்டு பேர் தாங்கிப்பிடித்து அழைத்துவந்தார்கள். கஸ்தூரியின் தலைமாட்டில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார். அந்தக் காலத்தில் சுரங்கத்தில் இறங்குமுன் ஒவ்வொருவரும் தன் பேருக்கு டோக்கன் எடுக்க வேண்டும். "டோக்கன் எடுத்து நிக்கறது நானு," என்றார் மாமா. "கேஜ்ல ஏறிப் போனது நீயா?" சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அது வேடிக்கையா துக்கமா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது. இந்த நோய் ஆரம்பித்ததிலிருந்து எனக்கு அந்த இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை. முன்பு தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்குத் திரும்பிய நாள். கோரமண்டலில் வண்டி நின்றதும் எங்கள் பெட்டியிலிருந்து வழக்கமான கூச்சல் கேட்டது. நான் ஏறினேன். கூச்சல் நின்றது. விளையாடிக்கொண்டிருந்த சீட்டை மடக்கி வைத்தார்கள். ராஜேந்திரன் பாதிக் கதையில் வாயை மூடிக்கொண்டு, எழுந்து ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தான். எல்லோரும் மரியாதையாக என்னைப் பார்த்தார்கள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாட்களில் கஸ்தூரி ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தது ஏன் என்று அந்த இடத்தில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

"மிச்சத்தச் சொல்லுடா," என்றேன்.

"வேணாம்ணா. இன்னொரு நாளைக்கு."

"சொல்லு ராஜேந்திரா. இல்லன்னா எனக்கு இன்னா வியாதி, எத்தன நாளுன்னு நானே யோசிக்க ஆரம்பிச்சிடுவேன்."

தயங்கித் தயங்கிச் சொன்னான். பெரிய கதையில்லை. மேனேஜர், நாய், லிஃப்ட் என்று ஏதோ. ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள்.

முன்பெல்லாம் சிரிப்பு எனக்கு வாயில் நடக்கிற காரியம். இப்போது அது எங்கே நடக்கிறது என்று தெரிகிறது. விலாவுக்குள்ளிருந்து காற்று துண்டு துண்டாக வெளியே போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் உள்ளே ஒன்றும் மிச்சமில்லாத ஓர் இடம் வருகிறது. மற்றவர்கள் அதைக் கவனிப்பதில்லை, அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். நான் அங்கே நின்றுவிடுகிறேன். ஒரு மத்தியானம் முழுவதும் அந்த இடத்துக்குள் அடங்கும் போலிருக்கிறது. பிறகு மூச்சு திரும்பி வருகிறது. நான் எந்தப் பொத்தானையும் திருப்பவில்லை, யாரும் என் முதுகைத் தடவவில்லை. அதுவாகவே வருகிறது. வந்து நிறைகிறது.